லாகீஸ் மக்களும் அதே கடவுளைத்தான் கும்பிட்டார்கள்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஓர் அறையில், லாகீஸ் என்ற யூத நகரம் விழுந்த கதை கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அசீரிய மன்னன் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களுக்காகச் செய்வித்த புடைப்புச் சிற்பங்கள் அவை. மதிலை இடிக்கும் பொறிகள் மண்மேட்டில் ஏறுகின்றன. தோளில் மூட்டையோடு சனங்கள் நகர வாசலை விட்டு வெளியேறுகிறார்கள். ஒரு மாட்டு வண்டியில், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு மேலே பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் மூன்று பேரைக் கழுவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆண்டு கி.மு. 701.

அதே படையெடுப்பில்தான் எருசலேம் தப்பியது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். இரண்டுக்கும் ஒரே ராஜா, எசேக்கியா, ஒரே கடவுள். ஆனால் ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தது எருசலேம் கதை மட்டும்தான்: ஒரே இராத்திரியில் கர்த்தருடைய தூதன் 1,85,000 அசீரியரைச் சங்கரித்தான், சனகெரிப் வந்த வழியே திரும்பிப் போனான். சனகெரிப்பும் தன் வெற்றிப் பதிவில் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகப் பெருமையடிக்கிறானே தவிர, எருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. சரி, எருசலேமைக் காத்தவர் கடவுள் என்றால் லாகீசைக் கைவிட்டது யார்?

இந்தக் கேள்வியை வேதத்துக்குள் முதலில் எழுப்பியவன் எதிரியின் ஆள். எருசலேமின் மேல்குளத்து வாய்க்கால் ஓரம், வண்ணார் துறைக்குப் போகும் பாதையில் நின்றுகொண்டு சனகெரிப்பின் தூதன் ரப்சாக்கே உரக்கப் பேசுகிறான். மதில்மேல் இருக்கும் சனங்களுக்குப் புரியவேண்டாம், அரமேயத்தில் பேசுங்கள் என்று அரண்மனை அதிகாரிகள் கெஞ்ச, அவன் வேண்டுமென்றே யூத மொழியிலேயே தொடர்கிறான். ஆமாத், அர்பாத் தேவர்கள் எங்கே போனார்கள்? சமாரியாவை யார் காப்பாற்றினார்கள்? உங்கள் கடவுள் மட்டும் என்ன விசேஷம்? குதிரை 2,000 தருகிறேன், ஏறுவதற்கு ஆள் இருக்கிறதா என்று கிண்டல் வேறு. சனங்கள் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லக்கூடாது என்பது ராஜாவின் கட்டளை. நம் பிரசங்கிகள் ரப்சாக்கேயை வெறும் வில்லனாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவன் அடுக்கிய தகவல்களில் பெரும்பாலானவை உண்மை என்பதுதான் சங்கடம்.

எசேக்கியா அதை மறுக்கவில்லை. மிரட்டல் கடிதம் வந்ததும் ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறான். அசீரிய ராஜாக்கள் தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே தன்னை இரட்சிக்கும்படி கேட்கிறான். லாகீசின் சாம்பலைத் தெரிந்தே செய்த ஜெபம் அது. இதற்கு முன்னால் அவனும் தடுமாறியவன்தான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பமாகக் கட்ட, ஆலயக் கதவுகளில் இருந்த பொன் தகட்டையே உரித்துக் கொடுத்தான். கீகோன் ஊற்றின் தண்ணீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்தது அவன் வேலை என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். சுமார் 533 மீட்டர் நீளம். இரு முனையிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததை, 1880இல் அங்கே கண்டெடுத்த கல்வெட்டு சொல்கிறது. அதில் ராஜாவின் பெயரும் இல்லை, கடவுளின் பெயரும் இல்லை. உளியும் பாறையும் ஆட்களும்தான்.

விசுவாசம் உள்ளவன் சுரங்கம் வெட்டலாமா? ஏசாயா தீர்க்கதரிசி, எருசலேமியர் வீடுகளை இடித்து மதிலைப் பலப்படுத்தியதையும், இரண்டு மதில்களுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கியதையும் சொல்லிக் கண்டிக்கிறார். ஆனால் அவர் வெட்டாதே என்று சொல்லவில்லை. இதையெல்லாம் உண்டாக்கினவரை நீங்கள் நோக்கவில்லையே என்பதுதான் குறை. கையில் கடப்பாரை இருக்கட்டும், கண் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

எருசலேம் தப்பியதைப் பிற்காலத்தவர்கள் உத்தரவாதப் பத்திரமாக்கிக்கொண்டார்கள். ஆலயம் இங்கே இருக்கும்வரை நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு ஊறிப்போயிற்று. ஏழைக்கும் பரதேசிக்கும் விதவைக்கும் அநியாயம் செய்துவிட்டு ஆலயத்துக்குள் ஓடி ஒளிகிறீர்களே என்று அதன் வாசலிலேயே நின்று சத்தமிட்டார் எரேமியா. சீலோவில் இருந்த பழைய பரிசுத்த ஸ்தலம் என்ன ஆயிற்று, போய்ப் பாருங்கள் என்றார். அவருக்குக் கிடைத்தது அடியும் தொழுமரமும். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அந்தச் சனம் அதற்குப் பிறகும் தங்கள் கடவுளை இரட்சகர் என்றே அழைத்தது. மீட்பை மட்டும் பாடிய சங்கீதங்களோடு, நீர் எங்களைக் கைவிட்டீர் என்று கடவுளின் முகத்துக்கு நேரே முறையிட்ட சங்கீதங்களையும் சேர்த்தே பத்திரப்படுத்தியது.

நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் தரும் வாக்குத்தத்த அட்டையைப் பாருங்கள். காப்பார், சுமப்பார், விலக்குவார்: எல்லாம் எருசலேம் வசனங்கள். அப்படி முறையிடும் 88ஆம் சங்கீதத்தை அட்டையில் அடித்துக் கொடுத்த சபையை நான் இன்னும் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் சுனாமி அலை நுழையவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே கடற்கரையில் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவர்களும் அதே மாதாவிடம் வேண்டிக்கொள்ள வந்தவர்கள்தான். பிழைத்தவர் கும்பிட்டு அழுவது இயல்பு, அதில் தப்பில்லை. தனக்கு விசுவாசம் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லும்போதுதான் கடற்கரையில் செத்தவர்களை இரண்டாம் முறை கொல்கிறோம்.

அடுத்த முறை சபையில் சாட்சி சொல்ல எழும்பும்போது, தப்பியதைச் சொல்லுங்கள், தாராளமாக நன்றி சொல்லுங்கள். காரணம் மட்டும் சொல்லாதீர்கள். கடைசி வரிசையில் லாகீசிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.