முப்பது விநாடி உதவியா, முழங்கால் உதவியா?



கேள்வி கேட்டுக் கோடி ரூபாய் கொடுக்கிற டி.வி. நிகழ்ச்சியை நம்மில் அநேகர் பார்த்திருக்கிறோம். 1998-ல் இங்கிலாந்தில் தொடங்கிய அது, 2000-ல் அமிதாப் பச்சன் நடத்த இந்தியிலும், 2012-ல் சூர்யா நடத்த தமிழிலும் வந்தது. விடை தெரியாமல் தவிக்கிறவர் நண்பருக்கு போன் போடலாம். நேரம் முப்பது விநாடிதான்!

அமெரிக்காவில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 2004-ல் ஒரு கோடி டாலர் பரிசு வைத்தபோது, மூன்று நிபுணர்களை உட்காரவைத்து, 'மூன்று ஞானிகள்' என்று அந்த உதவிக்குப் பேர் கொடுத்தார்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 2008-ல் பிரபலமான ஒரு நிபுணரை வீடியோவில் கேட்கும் வசதி வந்தது. அப்படி உதவியவர்களில் ஒருவர் கென் ஜென்னிங்ஸ். வேறொரு வினாடி வினாவில் 2004-ல் தொடர்ந்து 74 முறை ஜெயித்தவர்! ஆனால் 2011-ல் அவரே ஒரு கம்ப்யூட்டரிடம் தோற்றுப்போனார். அந்தக் கம்ப்யூட்டராவது தப்பவில்லையா? அதே போட்டியில், அமெரிக்க நகரம் ஒன்றைக் கேட்டதற்கு, கனடாவிலுள்ள டொராண்டோவைச் சொன்னது!

ஒன்றைக் கவனியுங்கள். நிபுணர் தப்பாகச் சொன்னால் அவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் நஷ்டம்.

இதை எழுதும்போது என் இருதயம் குத்தப்படுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னே நம் சபைச் சகோதரி ஒருவர் போன் செய்தார்கள். "பாஸ்டர், தம்பி கடை வைக்கக் கடன் வாங்குறான். நான் ஜாமீன் கையெழுத்துப் போடட்டுமா?" நான் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஹெல்மெட்டும் கையுமாய் நின்றேன். "கர்த்தர் பார்த்துக்குவார்மா, போடுங்க" என்றேன். முப்பது விநாடிகூட ஆகவில்லை. பிணைப்படுவதைப்பற்றி நீதிமொழிகளில் எத்தனை எச்சரிப்பு! வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் வேதத்தைத் திறக்கவில்லை, ஜெபிக்கவும் இல்லை.

கடை எட்டு மாதத்தில் மூடப்பட்டது. அந்தக் கடனை இன்றைக்கும் அந்தச் சகோதரி தையல் கூலியில் கட்டிவருகிறார்கள். நிபுணன் நான், எனக்கு நஷ்டமில்லை.

சென்ற மாதம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் அழுதுகொண்டே, "நானும் ஜெபிக்கலையே பாஸ்டர். உங்களுக்கு போன் போட்டா போதும்னு இருந்துட்டேன்" என்றார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிரியமானவர்களே, தப்பு இரண்டு பக்கமும் இருந்தது. நான் ஆவியானவரின் இடத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் என்னை உட்காரவைத்தார்கள்.

தானியேல் 2-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ராஜா கண்ட சொப்பனத்தைச் சொல்ல பாபிலோனின் ஞானிகளால் கூடவில்லை. தானியேலுக்கும் சேர்த்துக் கொலைக் கட்டளை பிறந்தது. தானியேல் அவசரப்பட்டு ஒரு பதிலைச் சொன்னானா? இல்லை, தவணை கேட்டான். வீட்டுக்குப் போய் மூன்று சிநேகிதரிடம் காரியத்தைச் சொன்னான். அவனும் நண்பர்களைத்தான் தேடினான்! ஆனால் 'விடை தெரியுமா?' என்று கேட்கவில்லை. தன்னோடுகூட பரலோகத்தின் தேவனிடத்தில் இரக்கம் கேட்கும்படி அழைத்தான். அந்த இரவே மறைபொருள் வெளிப்பட்டது. அல்லேலூயா!

டாக்டரிடம் போகாதிருங்கள், வக்கீலைக் கேட்காதிருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஞானமும் தேவன் கொடுத்ததே. ஆனால் முதலாவது முழங்கால், பிறகு போன். என்னைக் கூப்பிடும்போது "என்ன செய்யட்டும் பாஸ்டர்?" என்று கேட்பதற்கு முன்னே, "எங்களோடு ஜெபிக்க வாங்க பாஸ்டர்" என்று சொல்லுங்கள். அவசரத்தில் நான் பதில் சொன்னால், "முதல்ல ஜெபிப்போம் ஐயா" என்று என்னை நிறுத்துங்கள். கோபப்படமாட்டேன்.

டி.வி.யில் ஓர் உதவியை ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்தது. யோவான் 14-ல் ஆண்டவர் வாக்குக்கொடுத்த தேற்றரவாளனோ, என்றென்றைக்கும் நம்மோடு இருக்கிறவர். இயேசுவும் பதிலைச் சொல்லிவிட்டு நழுவுகிற நிபுணர் அல்ல. எபிரெயர் 7-ம் அதிகாரம் அவரைப் பிணையாளி என்கிறது. நாம் கட்ட முடியாத கடனுக்குத் தாமே கையெழுத்துப் போட்டு, சிலுவையில் தம் இரத்தத்தால் கட்டி முடித்தார்!

வருகிற வெள்ளி உபவாச ஜெபத்தில் அந்தச் சகோதரியின் கடனுக்காகச் சேர்ந்து மன்றாடுவோம். ஜெபத்தோடு கையையும் திறப்போம். முதல் காணிக்கை என் வீட்டிலிருந்து வரும். அதுதான் நியாயம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!