எதிரே வருபவரின் கண்

ஆயுத பூஜைக்கு மறுநாள் கோவை அவிநாசி சாலையில் ஓடும் வண்டிகளின் முகப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பம்பரில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கும். கிரில்லில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கும். யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தவை இவை. ஒரு சாண் தள்ளி, ஹெட்லைட்டுக்குள், உச்சி வெயிலிலும் வெள்ளை எல்இடி பட்டை ஒன்று பளீரென்று எரிந்துகொண்டிருக்கும். எல்லார் பார்வையும் விழ வேண்டும் என்பதற்காகவே அதை மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே உரிமையாளரின் விருப்பங்கள். பார்வைக்கு அஞ்சுகிறவரே பார்வைக்கு ஏங்கவும் செய்கிறார். இதில் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒருவர் ஏற்றும் விளக்கு யாருடைய கண்ணுக்காக எரிகிறது?

அந்தப் பட்டையை மாட்டும் வேலைக்குக் கோவையில் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 1920இல் ஜி.டி.நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டிய காலத்திலிருந்து, இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது இங்கே தவறாகத் தோன்றியதில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிகள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள், கோவையில் பந்தயக் கார்கள் என்று கொங்குநாடு முழுக்க வண்டியோடு பிழைக்கும் மண். “ரோட்டுல வந்தா தெரியோணுமுங்க” என்று வாடிக்கையாளர் சொன்னால், அடுத்த கேள்வி என்ன நிறம் என்பதாகத்தான் இருக்கும்.

வேலையும் மாயமானதல்ல. ஹெட்லைட்டைக் கழற்றி, ஓரத்தை ஹீட் கன்னால் சூடாக்கினால், முன்கண்ணாடியையும் பின்கூட்டையும் பிடித்திருக்கும் பியூட்டைல் பசை இளகும். பிரித்து, உள்விளிம்பில் எல்இடி பட்டையை ஒட்டுவார்கள். 12 வோல்ட் பட்டையில் பெரும்பாலும் மூன்று எல்இடிக்கு ஒரு மின்தடை என்று துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். குறியிட்ட இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறும். மலிவான பட்டை அதனால் ஏறும் சூட்டிலேயே மங்கி, ஒவ்வொரு துண்டாக அணையும். மறுபடி ஒட்டும்போது பசை சரியாகப் பிடிக்காவிட்டால் முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் ஆவி படியும்.

வயரிங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் உயிர்பெறும் இணைப்பிலிருந்து, ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுக்க வேண்டும். இரவில் ஹெட்லைட்டைப் போட்டதும் பட்டை அணையவோ மங்கவோ ஒரு ரிலே வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் விட்டுவிடுவது இந்த ரிலேயைத்தான். பகலில் உதவிய பட்டை இரவில் ஊசியாகக் குத்துவது அதனால்தான்.

பகல் விளக்கு என்ற யோசனை குளிர்நாடுகளில் பிறந்தது. பின்லாந்து 1972இல் நகர்ப்புறத்துக்கு வெளியே குளிர்காலத்தில் பகலிலும் விளக்கெரிக்கச் சொன்னது. சுவீடன் 1977இல் அதை ஆண்டு முழுவதற்குமான சட்டமாக்கியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு எஞ்சின் ஓடும்வரை அணையாத ஹெட்லைட் வந்தது. அந்தப் புதிதில், எதிரே வந்தவர்கள் கைவிரல்களைக் குவித்து விரித்து “லைட் எரியுதுங்க” என்று சைகை காட்டியது பலருக்கும் நினைவிருக்கும். பகலில் எரியும் விளக்கு வீண், அதைத் தெரியாதவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற அக்கறை அது.

உண்மையில் அந்த விளக்கு ஓட்டுபவருக்கு எதையும் காட்டுவதில்லை. வெயிலில் அதன் ஒளி சாலையில் விழுவதே தெரியாது. அது எரிவது முழுக்க மற்றவருக்காக: இதோ ஒருவன் வருகிறான், உன் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள் என்ற அறிவிப்பு. அதற்கு அளவும் உண்டு. பகல் விளக்குக்கான ஐ.நா. வாகன விதி 87, ஒவ்வொரு விளக்கின் செறிவும் 400 முதல் 1,200 கேண்டெலாவுக்குள் இருக்கச் சொல்கிறது. கீழே போனால் தெரியாது, மேலே போனால் உறுத்தும்.

உறுத்தும் ஒளியைப் பற்றிச் சைவ சித்தாந்தத்திடம் ஒரு கூர்மையான அளவுகோல் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம், திருவருட்பயனில் ‘இருள்மல நிலை’ என்ற அதிகாரத்தில் புற இருளையும் ஆணவ மலத்தையும் அருகருகே வைக்கிறார். இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது. ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். பிடித்தவனுக்கே பிடித்திருப்பது தெரியாது.

இதை அப்படியே பொள்ளாச்சிச் சாலைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஹாலஜனுக்காக வடித்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் மாறிப்போவதால் ரிஃப்ளெக்டர் அதைத் தாறுமாறாகச் சிதறடிக்கும். லென்ஸ் இல்லாத பட்டையோ எல்லாப் பக்கமும் இறைக்கும். எதிரே வருபவருக்கு அப்போது சாலையும் தெரியாது, ஓரமாகப் போகிற மிதிவண்டியும் தெரியாது. கூசும் வெளிச்சம் ஒன்று மட்டுமே தெரியும். தன்னைக் காட்டி மற்றதை மறைப்பதால், உமாபதியின் கணக்குப்படி அந்த ஒளி இருட்டின் வேலையைத்தான் செய்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடி கண் கூசினால் ஏறக்குறைய 17 மீட்டரைக் குருடாகக் கடக்கிறார். விளக்கை மாட்டியவருக்கோ தன் முன்னால் சாலை பட்டப்பகலாகத் தெரிகிறது. தன்னால் நேர்வது தனக்கே தெரியாத அந்த இடத்தில் ஆணவ மலம் இருக்கிறது.

ஒளி எப்போதுமே மங்கலம்தானே, அதிகமானால் என்ன என்று கேட்கலாம். கார்த்திகை தீபம் கொண்டாடும் மக்களுக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் ஒளியையே வழிபடு பொருளாக்கிய வள்ளலார், 1872இல் வடலூரில் தொடங்கிய சத்திய ஞான சபையில் சோதிக்கு முன்னால் ஏழு திரைகளை வைத்தார். தைப்பூசத்தன்று அவை விலக, சோதி தரிசனம். திரைகள் அக மறைப்புகளைக் குறிப்பவை என்பது விளக்கம். அது ஒருபுறம் இருக்கட்டும். ஒளியை மக்கள் கண்முன் கொண்டுவருவதற்கும் ஒரு முறை வேண்டும் என்று அவர் கருதியது அந்த அமைப்பிலேயே தெரிகிறது.

சட்டமும் தன் பங்குக்குத் திரை போடுகிறது. உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நெடுங்காலப் பழக்கம். இவற்றைவிட யோசிக்க வைப்பது மத்திய மோட்டார் வாகன விதி 106. வெளிச்சம் எவ்வளவு என்று அது பல்பை அளப்பதில்லை. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கண் கூசாதபடி ஒளி கீழே தாழ்ந்திருக்க வேண்டும். என் விளக்கு சரியா என்பதை என் இருக்கையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. எதிரே போய் நின்றுதான் தீர்மானிக்க வேண்டும். அறநூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை இந்த விதி மூன்று அளவுகளில் சொல்லிவிடுகிறது.

அப்படி நின்று பார்க்கத் தைப்பூசக் காலத்தைவிட நல்ல நேரம் கிடையாது. நாயுடு பேருந்து ஓட்டிய அதே பொள்ளாச்சி–பழனித் தடத்தில், மஞ்சளும் பச்சையும் உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் வெயிலைத் தவிர்க்க இரவெல்லாம் நடக்கும். முதுகிலும் பையிலும் காவல்துறையும் தன்னார்வலர்களும் ஒட்டிவிட்ட எதிரொளிக்கும் பட்டைகள். அவற்றுக்குச் சொந்த ஒளி இல்லை. வருகிற வண்டியின் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். நடப்பவர் தெரிவதும் தெரியாததும் வண்டிக்காரர் தன் விளக்கை எப்படி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

எல்லா வண்டியும் மின்னினால் மின்னாதவர் கதி என்ன என்ற கேள்வியை ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள்காரர்கள் எழுப்பினார்கள். ஆஸ்திரியா 2005இல் எல்லா வண்டிக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008இல் அதைக் கைவிட்டது. பழனிப் பாதையில் அந்தக் கேள்விக்கு இன்னொரு கிளையும் உண்டு. விதி 106 கணக்கில் கொள்ளும் கண் வளர்ந்தவரின் கண். காவடிக் கூட்டத்தில் அப்பாவின் விரலைப் பிடித்து நடக்கும் ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பெரியவர்களுக்குக் கூசக்கூடாது என்று கீழே தாழ்த்திய ஒளி அந்த உயரத்தில் விழக்கூடும்.