சட்டியில் ஏந்திய நெருப்பு

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்து மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று அக்னிச் சட்டி ஏந்துகிறவர்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அம்மையைத் தருபவளும் அவள், ஆற்றுபவளும் அவள் என்பது மக்கள் நம்பிக்கை. அழிக்கவும் காக்கவும் வல்ல சக்தியைத் தாயென்று எப்படிக் கும்பிடுவது? ஒரு சக்தி நன்மையாவது, அதை ஏற்கும் உடலின் நிலையறிந்து யாரோ விழித்திருந்து அளவு காப்பதால்தான் என்பது என் எண்ணம். இதற்கு நைட்ரோகிளிசரினைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1847இல் இத்தாலியரான சொப்ரேரோ அதை உருவாக்கி, துளியை நாவில் வைத்ததும் கடும் தலைவலி கண்டார். 1867இல் ஆல்ஃபிரட் நோபல் அதை டைனமைட் ஆக்கினார். 1879இல் வில்லியம் முரல் என்ற லண்டன் மருத்துவர் அதையே நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். இன்று தீராத நெஞ்சுவலியோடும், உயர்ந்த ரத்த அழுத்தத்தில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறியும் வருகிறவர்களுக்கு அது நரம்பு வழியே சொட்டுகிறது. நிமிடத்துக்கு 5 அல்லது 10 மைக்ரோகிராமில் தொடங்கி, சில நிமிடங்களுக்கொரு முறை பிரஷர் பார்த்துக் கூட்டுவார்கள். சிரைகள் தளர, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அதன் சுமை இறங்குகிறது. அளவு கூடினால் தமனிகளும் விரிகின்றன. ஆனால் இதயத்தின் வலது கீழறை அடிபட்ட மாரடைப்பில், திரும்பி வரும் ரத்தத்தை நம்பியே அந்த அறை இயங்குகிறது. அத்தகைய நோயாளிக்கு இதே அளவு பிரஷரைச் சரித்து உயிருக்கே உலை வைக்கலாம். முந்தைய 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில் சாப்பிட்டவருக்கும் இதே ஆபத்து. குறைந்த அளவென்பதே காப்பாகிவிடாது; யாருக்கு, எந்த நிலையில் என்று பார்க்கும் கண் வேண்டும்.

வெடிப்பு வேறு, குழாய் விரிவது வேறு, இரண்டையும் ஒரே சக்தியென்பது சொல் விளையாட்டு எனலாம். உண்மைதான்: அதிர்ச்சியில் அந்த மூலக்கூறு நொடியில் சிதறி வாயுவாகிறது, உடலில் ஒரு நொதி அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை மெல்லப் பிரித்தெடுக்கிறது. சிவகாசிப் பட்டாசில் நைட்ரோகிளிசரினும் கிடையாது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும்தான். என் வாதம் இதனால் உறுதிப்படவே செய்கிறது. மூலக்கூறு ஒன்றே, விளைவை முடிவு செய்வது அது போய்ச் சேரும் இடம். இந்த மருந்தையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1990களில் பல்லாயிரம் மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஜிஸ்ஸி-3, ஐசிஸ்-4 ஆய்வுகளில், எல்லோருக்கும் வழக்கமாக இவ்வகை நைட்ரேட் மருந்து கொடுப்பது மரணங்களைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அது வலியையும் திணறலையும் தணிக்கிறது. அந்த அளவில் பெரிய உதவி.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பெரியம்மையில் மாண்ட குழந்தைகளுக்கு எந்த அளவு தவறியது? அந்தச் சாவுகளுக்கு நியாயம் கற்பிக்க என்னால் முடியாது, யாரும் முயலவும் கூடாது. இந்தியாவில் 1975இல் அந்நோய் நின்றது ஊர் ஊராக நடந்து அம்மை குத்தியவர்களாலும், நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்தவர்களாலும். அவர்களுடைய விழிப்பில் தாயின் அருளைக் காண்கிற பக்தரோடு எனக்குச் சண்டையில்லை. நோயையே அருளென்று விட்டுவிடுவதைத்தான் ஏற்க மாட்டேன்.

ஆகவேதான் 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தையும், 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தையும் விதியென்று சொல்லிக் கடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, வெடிமருந்துக் கலவை குறித்த அளவைத் தாண்டக் கூடாது என்று விதிமுறை இருக்கிறது. நெரிசலான அறை, மரத்தடி வேலை, உள்குத்தகை என்று சிவகாசி வட்டாரத்து விபத்துகளில் திரும்பத் திரும்பக் காண்பதெல்லாம் மனிதர் கைவிட்ட காவல். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே உயிருக்காகச் சில நிமிடங்களுக்கொரு முறை பிரஷர் பார்க்கிறோம். வெடிமருந்து கலக்கும் அறைக்கும் அந்தக் கண்காணிப்பு உரியது. அதைத் தர வேண்டியவர்கள் ஆலை முதலாளிகளும் ஆய்வு அதிகாரிகளும். அந்தக் கடனை அம்மன் தலையில் ஏற்றக் கூடாது.