இரவலும் கடனும்

தமிழில் இரவல், கடன் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. அன்றாடப் பேச்சில் யாரும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டில் குடை வாங்கினால் இரவல். அரிசி வாங்கினால் கடன். குடையை அப்படியே திருப்பித் தரவேண்டும். அரிசியை அப்படியே திருப்பித் தந்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. பொங்கித் தின்றுவிட்டு வேறு அரிசி தருகிறோம். ரோமானியச் சட்டம் இவற்றைக் கொமொடாட்டும், முட்டூம் என்று தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. நான் உட்காரும் நகைக் கடன் கவுண்டரில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வைத்த வளையலை, நெளிந்திருந்தால் அந்த நெளிவோடு, நாங்கள் திருப்பித் தரவேண்டும். வாங்கிய பணத்தை எந்த நோட்டாகக் கட்டினாலும் சரி.

விமர்சனம் எழுத உட்காரும்போது மட்டும் இந்த வித்தியாசம் நமக்கு மறந்துபோகிறது. 'இரவல் குரல்' என்று எழுதிவிட்டால் ஒரு கவிதைத் தொகுப்பின் கதை முடிந்தது. நானும் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழப் பையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பை என்றால் துணிப்பை அல்ல. மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, அப்பளமாக இட்டு, தகரத் தட்டில் பரப்பி, வெந்த பழத்தை நிரப்பி, மேலே இன்னொரு மாவால் மூடிச் சுடுகிற பண்டம். சோமாசிக்குத் தூரத்துச் சொந்தம். ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில் நாவல்களில் எத்தனையோ ஆப்பிள் பைகளைக் கடந்து வந்திருக்கிறேன். தின்றதில்லை. அம்பத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆங்கிலோ இந்தியர், தனியாக இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று அவர் கொடுத்தனுப்பியதுதான் நான் தின்ற முதல் பை. ஆப்பிளும் பட்டையும். நாவல்களில் இருந்தது இதுதான் என்று ஒருவிதமான கர்வத்தோடு மனைவியிடம் சொன்னேன்.

தட்டு வீட்டில் தங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கமில்லை. தட்டு இரவல், அதில் வந்தது கடன். என் மனைவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ஓவனில் ஒரு பை செய்தாள். ஆப்பிள் விலைக்குப் பதில் கொய்யா. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. பட்டையோடு சுக்கும் ஏலமும், அவள் அம்மா பானகத்தில் போடுகிற மாதிரி நாலு மிளகும் தட்டிப் போட்டிருந்தாள். வாசனை கூடத்துக்கு வந்தது.

"இது பை இல்லை" என்றேன். "மாவுக்குள்ளே வைத்த லேகியம். மாடிக்கு அனுப்பாதே, அந்த அம்மா சிரிப்பார்."

"பைன்னு நான் எங்கங்க சொன்னேன்? தட்டு சும்மாப் போகக்கூடாதேன்னு செஞ்சேன்."

கடையில் வாங்கின கேக் ஒன்றை வைத்துத் தட்டு மாடிக்குப் போயிற்று. கொய்யாப் பையை நாங்கள் தின்றோம். அது நன்றாக இருந்தது. தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நான் அதை ருசித்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதற்கு ஒரு சுலபமான சமாதானம் உண்டு. ஐரோப்பாவில் பட்டை விளைவதில்லை. ஆங்கிலேயரின் பைக்குள் அது போனதே அராபியரும் வெனிஸ் நகரத்தாரும், பிறகு இலங்கையைப் பிடித்த போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கொண்டுபோய்க் கொடுத்து. நம் மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது, கொய்யாவும் அப்படியே. எல்லாமே கலப்பு, ஆகவே கேள்வியே இல்லை என்று முடித்துவிடலாம். இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. எல்லோரும் கடன்காரர்கள் என்பதால் கடன் என்பதே இல்லை என்று ஆகிவிடாது. கவுண்டரில் இருப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

தலைச்சேரியில் ஒரு கதை சொல்கிறார்கள். பர்மாவில் தொழில் கற்று வந்த மம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883-இல், அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்துக்காரரான மர்டாக் பிரௌன், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து கொடுத்து, இதைப்போல ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். பிரெஞ்சுக்காரரின் மாஹியிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னார். பாப்பு முந்திரிப்பழத்தையும் கதளிப்பழத்தையும் ஊறவைத்து இறக்கிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்து, மலபார் மசாலாக்களைப் போட்டு கேக் செய்தார். பிரௌன் ருசித்தார், பாராட்டினார், இன்னும் ஒரு டஜனுக்கு ஆர்டர் கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் இதுதான் என்கிறார்கள். முதலாவதா என்பதல்ல என் அக்கறை. பாப்பு எதிரில் ஒரு கேக் இருந்தது. அவர் அதைத் தின்று பார்த்தார். அது கேட்பது என்ன, தன் கையில் இருப்பது என்ன என்று யோசித்தார். அந்தக் கேக்கையே திருப்பித் தரவில்லை. அதன் மதிப்புள்ள வேறொன்றைத் தந்தார். இது இரவல் அல்ல. கடன், அதுவும் தீர்த்த கடன்.

ஆனால் கதையில் என்னை உறுத்துகிற இடங்கள் இரண்டு. ஒன்று, நன்றாக இருக்கிறது என்று சொல்கிற அதிகாரம் பிரௌனிடம் இருக்கிறது. கடன் கொடுத்தவனே தராசையும் வைத்துக்கொள்கிறான். அவர் முகத்தைச் சுளித்திருந்தால் இந்தக் கதையே இருக்காது. கேக் அதே கேக்காக இருந்திருந்தும். என் வீட்டுச் சமையலறையில் நான் பிரௌனின் ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்தேன், அவர் ஊரைக்கூடப் பார்த்திராமல். பிரௌனாவது ருசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

இரண்டாவது, அந்தத் தோட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்படுத்திய அஞ்சரக்கண்டித் தோட்டம், இதே பெயருள்ள மூத்த மர்டாக் பிரௌனின் கைக்கு வந்தது. திருவிதாங்கூரிலிருந்து கடத்திவரப்பட்ட குழந்தைகள் அங்கே அடிமைகளாக இருப்பதை வட மலபார் மாஜிஸ்திரேட் தாமஸ் பேபர் 1811-இல் கண்டுபிடித்து விடுவித்தார். கொடுத்தவர் பிரௌன், வாங்கியவர் பாப்பு என்று நாம் எழுதுகிற பேரேட்டில் வட்டி கட்டியவர்களின் பெயர் இல்லை. பட்டையை ஒதுக்கிவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது. ஆனால் 'நம்ம மசாலா' என்கிற பெருமையும் சரி, 'அவர்கள் பை' என்கிற பவ்யமும் சரி, அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்கிற கேள்வியை எழுப்புகிறவன் கடைசிவரை கேட்கவேண்டும். பாதியில் நிறுத்தினால் அது ஜாதி விசாரிப்பதாகிவிடுகிறது.

கவிதைக்கு வருகிறேன். அந்த இளைஞரின் தொகுப்பில் ஆவடி ரயில் நிலையத்தில் வெண்பனி விழுகிறது. ஆவடியில் வெண்பனி விழாது என்று எழுதினேன். எந்த மொழிபெயர்ப்பிலிருந்து அது வந்திருக்கும் என்றும் ஊகித்து எழுதினேன். அவர் அதன் பிறகு எந்தப் பத்திரிகைக்கும் கவிதை அனுப்பவில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். இப்போது பார்க்கையில் நான் எழுதியது விமர்சனம் அல்ல, வானிலை அறிக்கை. அந்தப் பனி கவிதையில் ஒரு வேலை செய்கிறது. இரவு ஷிப்டுக்குப் போன அப்பாவின் காலடிகளை அது மூடிவிடுகிறது. பின்தொடர்ந்து வந்த பையன் பிளாட்பாரத்திலேயே நிற்கிறான். நம் ஊர்ப் புழுதிக்கு இந்த வேலையைச் செய்யத் தெரியுமா? தெரியும் என்றால் அவர் கடன் வாங்கியது அனாவசியம். தெரியாது என்றால் நியாயம். நான் கேட்டிருக்கவேண்டியது இதைத்தான். இன்னொன்றும் கேட்டிருக்கலாம்: அந்தப் பனியில் யார் செத்தார்கள் என்பது அவருக்குத் தெரியுமா? பிறத்தியாரின் துக்கத்தை அலங்காரமாக வாங்கி வைத்திருப்பவன் அதைச் செலவழிக்கவில்லை. ஆகவே அவனால் தீர்க்கவும் முடியாது. இந்தக் கவிஞர் கடனை முழுக்கத் தீர்த்தாரா என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஆனால் நான் ருசிக்காமல் தீர்ப்புச் சொன்னேன் என்பது நிச்சயம்.

மாடி வீட்டு அம்மையார் ஜனவரியில் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டார். விடைபெற வந்தபோது என் மனைவியிடம், "அன்னிக்கு மாடி வரைக்கும் சுக்கு வாசனை வந்ததே, எனக்கு ஏன் தரலைம்மா?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஏதோ கருகிவிட்டது என்று சொன்னாள். வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் தகரத் தட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தொகுப்பு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்பேன். படித்து முடித்த பிறகு.