இறக்கத்திலும் கியர் வேண்டும்

வாகனம் ஓட்டுவோரிடையே வழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்று 'கோஸ்டிங்'. எஞ்சினின் விசையின்றி, முன்பு பெற்ற வேகத்தாலோ சாலையின் சரிவாலோ வண்டி தானே உருண்டு செல்வது அதன் நேர்ப்பொருள். புதிதாக எம்முயற்சியும் செய்யாமல் பழைய உழைப்பின் பலனைக் கொண்டே காலம் தள்ளுவது அதன் உருவகப் பொருள். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் சாதகனுக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது.

மலைச்சரிவில் எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணும் ஓட்டுநர், கியரை நியூட்ரலுக்குத் தள்ளுகிறார். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகின்றனர். செலவில்லை, சிரமமில்லை, வேகமோ கூடிக்கொண்டே போகிறது. ஆனால் கியரில் இருந்தவரை எஞ்சினும் சக்கரங்களின் வேகத்தை அடக்கி வந்தது. இப்போது அந்தப் பிடி இல்லை. பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்குகிறது. இடைவிடாத உராய்வால் அது சூடேறி, ஆற்றலை இழக்கிறது. 2022 நவம்பரில் புனே நகரின் நவலே பாலத்தருகே ஒரு லாரி பல வாகனங்கள்மீது மோதியது. ஓட்டுநர் சரிவில் எஞ்சினை நிறுத்தியிருந்தார் என்று முதற்கட்ட விசாரணையில் காவல்துறை தெரிவித்தது.

ஆன்மிக வாழ்விலும் இத்தகைய சரிவு உண்டு. பல்லாண்டு ஜபமும் தியானமும் செய்த ஒருவருக்கு மனம் சற்று அடங்குகிறது, பிறர் மதிக்கின்றனர். 'இனி இவ்வளவு முயற்சி எதற்கு?' என்று காலை வழிபாட்டைக் கைவிடுகிறார். உடனே எந்தக் கேடும் தெரிவதில்லை. நாட்கள் முன்னைவிடச் சுகமாகவே ஓடுகின்றன. ஆபத்து அந்தச் சுகத்திலேயே மறைந்திருக்கிறது. நோய், அவமானம், பிரிவு என ஏதேனும் ஒரு வளைவு எதிர்ப்படும்போது, கோபத்தையும் துயரத்தையும் அந்த ஒரு கணத்தின் மனவுறுதியால் மட்டுமே நிறுத்தப் பார்க்கிறார். பிரேக் பிடிப்பதில்லை.

உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் காட்டுகிறது கடோபநிஷதம். கடிவாளத்தைத் தளரவிட்ட சாரதிக்குக் குதிரைகள் அடங்குவதில்லை. சித்தி பெற்ற பின்னும் நாள்தோறும் தியானிப்பது ஏன் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டபோது, தோதாபுரி தமது பளபளக்கும் செம்பைக் காட்டினார். தினமும் துலக்காவிட்டால் அதுவும் மங்கிவிடும் என்றார்.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாடம். துன்பத்தில் ஒருவரை மேலேற்றிய நியமமே இன்பத்தில் அவரைக் காக்கும். வாழ்வு எளிதாக ஓடும் நாளில்தான் சாதனையைச் சிறிதும் தளர்த்தலாகாது.