செவியும் கேள்வியும்

காதைத் திறந்து வைத்திருப்பது ஒரு நற்குணமா? காதை மூடாமலே வேறொன்றைக் கேட்கச் செய்யும் சாதனம் ஒன்று புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் ஏற்பட்டிருக்கிறது. எலும்பின் வழியாகக் கேட்கும் ஹெட்ஃபோனைச் சொல்கிறேன். காதுத் துளைக்குள் எதுவும் நுழைவதில்லை. பிடரியைச் சுற்றி வரும் ஒரு வளையம். அதன் இரு நுனிகளிலும், காதுக்குச் சற்று முன்னால் எலும்பின் மேல் பதிந்து அதிரும் இரண்டு வில்லைகள். இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் எலும்பும் தொலைபேசியும் ஒரே ‘போன்’ ஆகிவிடுகின்றன. தற்செயலாக நேர்ந்த சிலேடைதான். ஆனாலும் தொலைபேசி எலும்புவரை வந்து சேர்ந்துவிட்டது என்ற செய்தி அதில் இருக்கிறது.

இரண்டு வருஷங்களாக இதை அணிந்துகொண்டிருக்கிறேன். சீர்காழியிலிருந்து சிதம்பரத்துக்கும் திரும்பவும் பஸ்ஸில், கடைத்தெருவில், வீட்டில். இதன் சௌகரியங்களை மறுப்பதற்கில்லை. காதுக்குள் புழுக்கமில்லை, வலியில்லை. பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்கிறது. கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வது கேட்கிறது. குறைகளும் உண்டு. மந்தர ஸ்தாயி மெலிந்துவிடுவதால் தவில் வெறும் தட்டலாகிறது. சத்தத்தை உயர்த்தினால் கன்னத்தில் குறுகுறுப்பு. இதிலுள்ள பெரிய முரண், டயர்களும் இன்ஜினும் இரையும் பஸ்ஸில் தெரியவருகிறது. காது திறந்திருப்பதால் இரைச்சல் முழுவதும் உள்ளே வருகிறது. எலும்பின் வழி வரும் குரல் அதில் அமிழ்ந்துபோகிறது. குரல் தெளிய வேண்டுமானால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இதற்காகவே இவ்வகைச் சாதனங்கள் சிலவற்றோடு காதடைப்பான்களையும் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். திறந்த காதை விலை கொடுத்து வாங்கியவன் அதே பெட்டியிலிருந்து எடுத்து அடைத்துக்கொள்கிறான்.

இந்த மார்க்கம் புதிதல்ல. நம் குரலை நாம் கேட்பதில் ஒரு பகுதி எப்போதும் எலும்பின் வழிதான். பதிவு செய்யப்பட்ட தன் குரலை முதன்முதலாகக் கேட்பவன் அது தன்னுடையதல்ல என்று கூசுவதற்குக் காரணம், அந்தப் பகுதி பதிவில் இல்லாததுதான். கூத்தில் பாடுகிறவர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொள்வதும் இதனால்தான்: பொத்தினால் தன் குரல் தனக்குள் பெருக்கும். 1855இல் ஜெர்மன் மருத்துவர் ரின்னே, இசைக்கவையைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலும் காதுக்கு எதிரிலும் மாறி மாறி வைத்துச் செவிட்டுத்தன்மையின் இடத்தைக் கண்டுகொள்ளும் சோதனையை விவரித்தார். 1932இல் பேகேஷி, எலும்பின் வழி வரும் ஒரு ஸ்வரத்தைக் காற்றின் வழி அனுப்பிய அதே ஸ்வரத்தால் அழித்துக் காட்டினார். இரண்டும் உட்செவியின் ஒரே சுருளில் வந்து சேர்கின்றன என்பதற்கு அது நிரூபணம். (செவியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) எனவே இந்தச் சாதனம் புதிய புலன் எதையும் தந்துவிடவில்லை. இதுவரை என் குரல் மட்டுமே பெரும்பாலும் நடந்துவந்த ஒற்றையடிப் பாதையில் பிறர் குரலை நடத்திக் கூட்டிவருகிறது, அவ்வளவே. இதனால் போனில் பேசுகிறவர் அதிக அந்தரங்கமாகிவிட்டார் என்று சொல்வது வியாபார பாஷை. மாறியிருப்பது எதிரில் இருப்பவரின் நிலை.

ஒரு உதாரணம். கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்கு முன், பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பெரியவர். நான் நண்பர் ஒருவரோடு மொழிபெயர்ப்பு ஒன்றைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசியது பெரும்பாலும் அவர்தான், என் பங்கு அவ்வப்போது ஒரு ‘உம்’. பெரியவர் வெளியே வயலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். என் கையில் போன் இல்லை, காதில் எதுவும் இல்லை, நான் ‘உம்’ சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் மேலே சொல்கிறார். “இந்த மடை வழியாத்தான் தம்பி தண்ணி ஏறுச்சு” என்ற வாக்கியம் என் பிரக்ஞைக்குள் வந்தபோது நண்பரிடம் அப்புறம் பேசுவதாகச் சொல்லி நிறுத்திவிட்டேன். 2022 நவம்பர் மழையைச் சொல்கிறார். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டி, சம்பா நாற்றெல்லாம் தண்ணீருக்குள் போன நாள். “மொதல்லேருந்து சொல்லுங்க” என்றேன். அவர் என் பிடரியிலிருந்த வளையத்தைப் பார்த்தார். “அதெல்லாம் முடிஞ்சு போச்சு தம்பி. நாலு மா. அவ்வளவுதான்.” பிறகு சிதம்பரம்வரை பேசவில்லை.

இதில் யார் பிழை என்பதல்ல விஷயம். நாலு மா என்ற கணக்கு எனக்குக் கிடைத்துவிட்டது. கணக்கு எப்போதும் திரும்பக் கிடைக்கும். கணக்குக்கு முன்னால் அவர் சொல்லியிருந்தது, தண்ணீர் எப்படி ஏறியது, அப்போது அவர் எங்கே நின்றார் என்பது, திரும்பக் கிடைக்கவில்லை. வேறொருவருக்குச் சேர வேண்டிய ‘உம்’மை நம்பி அவர் அதைச் செலவழித்துவிட்டார்.

‘உம்’ கொட்டுவது நம்மிடம் சாதாரணக் காரியமல்ல. கதை சொல்லும் பாட்டி உம் கொட்ட ஆள் இல்லாமல் கதையைத் தொடர்வதில்லை. நடுவில் உம் நின்றுவிட்டால், குழந்தை தூங்கிவிட்டது என்று அவளும் நிறுத்திவிடுவாள். கேட்பவன் இருக்கிறான் என்பதற்கு அந்த ஓரசைக்கு மேல் சாட்சியம் வேண்டியிருக்கவில்லை. போன் வந்தபோது இந்தச் சாட்சியம் கம்பியேறியது. ஆனாலும் ரிசீவரைப் பிடித்த கை அதன் விலாசத்தைக் காட்டிக்கொண்டிருந்தது: இந்த உம் உனக்கில்லை, அங்கிருப்பவருக்கு. பின்னால் வந்த காதடைக்கும் ஹெட்ஃபோனும் அசிரத்தையை ஒளிக்காமல் பறைசாற்றியது. அதை அணிந்தவனிடம் யாரும் தங்கள் நஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதில்லை. திறந்த காது இந்த விலாசத்தை அழித்துவிட்டது. வெளிப்பார்வைக்கு நான் எல்லோருக்கும் கிடைக்கிறவன். இந்தக் கிடைத்தல் பாவனையா உண்மையா என்று எதிரில் இருப்பவர் அறிய வழியில்லை.

கருவி என்ன செய்யும், மனிதன் எந்தக் காலத்தில் முழுதாகக் கேட்டான் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். அரைக் கவனம் ஹெட்ஃபோனின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் இருவரையும் ஒருசேரக் கேட்க முடியும் என்ற வாக்குறுதி இதனுடையது. அந்த வாக்குறுதி மனித சாத்தியந்தானா என்று பார்க்க வேண்டும்.

சீர்காழிக்காரனுக்கு இங்கே ஒரு புராணம் நினைவுக்கு வராமல் இராது. பிரமபுரீசுவரர் கோவில் குளக்கரையில், பால் கொடுத்தது யார் என்று அதட்டிக் கேட்ட தகப்பனாருக்குக் குழந்தை சம்பந்தர் சொன்ன பதில்தான் தேவாரத்தின் முதல் பதிகம் என்பது மரபு. அந்தப் பதிலில் கடவுளுக்குத் தரப்படும் முதல் அடையாளம் செவியும் அதில் தொங்கும் தோடும். தோடு பெண்ணின் அணி. அம்மைக்குரிய இடப் பாகத்துச் செவியை அது காட்டுகிறது என்பார்கள் உரைகாரர்கள். ஆக, ஒரு தலையில் இருவருடைய செவிகள். இரு பக்கமும் ஒரே சமயத்தில், ஒன்றுக்கொன்று குறையாமல் கேட்கிற ஸ்திதியைக் கற்பனை செய்ய முடிந்த மரபு அதைக் கடவுளுக்கு மட்டுமே கொடுத்தது.

மனிதனுக்கு அது வாய்க்குமா என்பதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1953இல் காலின் செர்ரி, ஒரே ஆளின் இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் கேட்பதைக் கூடவே திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் என்ன நடந்தது என்று பிறகு கேட்டால், பேச்சு நடந்தது என்று சொன்னார்கள். ஆண் குரல் பெண் குரலானதையும் சொன்னார்கள். என்ன பேசப்பட்டது என்று தெரியவில்லை. ஆங்கிலம் நடுவில் ஜெர்மன் ஆகிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. 1959இல் நெவில் மோரே இதைத் தொடர்ந்தார். கவனிக்கப்படாத காதுக்குள்ளும் ஒரு சொல் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நுழைந்துவிட்டது. அந்தச் சொல் அவரவர் பெயர். அறவியல் பேசுகிறவர்கள் இந்த முடிவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திறந்திருந்தும் கேளாத காதின் வாசலில், நம் அகந்தைக்கு மட்டும் தடையில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் இதையேதான் சொல்கிறது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001இல் காட்டியது: கையில் பிடிக்காமல் பேசினாலும் போன் பேச்சு ஓட்டுநரின் கவனத்தைக் குலைப்பதில் வித்தியாசமில்லை. குலைவது கையிலோ காதிலோ இல்லை, மனத்தில். 2008இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மற்றொரு ஆய்வு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் அப்படிக் குலைப்பதில்லை என்றது. அவர் அதே சாலையைப் பார்க்கிறார். நெரிசலில் தம் பேச்சைச் சாலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார். தூரத்துக் குரலுக்கு நம் சாலை தெரியாது. பஸ்ஸிலிருந்த பெரியவரும் நானும் பார்த்தது ஒரே வயல். என் நண்பருக்கு அந்த வயல் இல்லை.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கம் என் அப்பா.

சிறுவயதிலிருந்தே அவருக்குக் காதில் சீழ். இரண்டு செவிப்பறைகளும் ஓட்டையாகிவிட்டன. இசைக்கவையைக் காதுக்கு எதிரே வைத்தபோது உதட்டைப் பிதுக்கினார். எலும்பில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். சுருள் நன்றாக இருக்கிறது, வாசல்தான் இடிந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். சீழ் வடியும் காதை அடைக்கிற கருவி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷங்களாக அவர் கண்டுபிடித்து வைத்திருந்த உபாயம், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பேரம் பேசும்போது, அம்மா குறை சொல்லும்போது, மரியாதை கெடாத ஒரு தலையாட்டல். ஊரில் அவரைப் பொறுமைசாலி என்பார்கள்.

என் ஹெட்ஃபோனை ஒரு நாள் அவருக்கு மாட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போய் அவர் போனுக்குப் பேசினேன். இது செவிட்டுக் கருவியல்ல. எதிரில் பேசுவதைப் பெருக்கித் தராது. போனில் வருவதை மட்டும் எலும்புக்குத் தரும். ஆகவே திண்ணையில் இருக்கிற அப்பாவோடு பேச அதே வீட்டிலிருந்து போன் செய்ய வேண்டியிருக்கிறது. என் குரல் எங்கோ ஒரு கோபுரத்துக்குப் போய், சற்றுத் தாமதித்து, பத்தடி தூரத்தில் அவர் கன்னத்துக்கு வந்துசேர்கிறது. அபத்தந்தான். ஆனால் அவர் சொன்ன முதல் வார்த்தை ‘உம்’ அல்ல. “என்னடா சொன்னே? இன்னொரு தடவ சொல்லு” என்றார். கேட்காதபோது அவர் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கிய பிறகுதான், கேட்கவில்லை என்று சொல்லும் தைரியம் வந்திருக்கிறது. இப்போது தலையாட்டல் குறைந்துவிட்டது. குறுக்கே கேட்கிறார், மறுக்கிறார், அம்மாவோடு சண்டைகூடப் போடுகிறார். பொறுமைசாலி என்ற பெயர் போய்விடும் போலிருக்கிறது.

ஒரே சாதனம், திறந்த காதுள்ளவனுக்கு அசிரத்தையை ஒளிக்கும் வசதியாகவும், மூடிய காதுள்ளவருக்கு நாற்பது வருஷத் தலையாட்டலிலிருந்து விடுதலையாகவும் இருக்கிறது. எனவே தார்மீக வித்தியாசம் சாதனத்தில் இல்லை, காதின் திறப்பிலும் இல்லை. அது உம் கொட்டுவதற்கும் திருப்பிக் கேட்பதற்கும் இடையில் இருக்கிறது. தமிழில் இதற்குத் தனித் தத்துவம் தேவைப்படவில்லை, சொல்லே போதும். கேட்பதும் வினவுவதும் நமக்கு ஒரே வினை. திருக்குறளில் ‘கேள்வி’ என்ற அதிகாரம் செவியால் பெறும் அறிவைப் பற்றியது. இன்று அதே சொல்லுக்கு வினா என்று பொருள். இந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவே ஒரு கடமை இருக்கிறதென்று நினைக்கிறேன். காதில் விழுந்ததிலிருந்து ஒரு வினாவைத் திருப்பித் தர முடிந்தவனே கேட்டவன். ‘உம்’ அதற்கு ஈடாகாது.

இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிக்கிற சிறு கூட்டம். நம் கூட்டங்களில் காதுகள் எப்போதும் திறந்தேதான் இருக்கின்றன. கவிதை வாசிக்கப்படுகிறது, தலைகள் ஆடுகின்றன. யாராவது பட்டியல் ஒன்றை வாசிக்கும்போது மட்டும் ஒவ்வொருவரும் சட்டென்று நிமிர்கிறோம். மோரேயின் பரிசோதனை மண்டபம்வரை போகத் தேவையில்லாத உண்மை இது. மதிப்புரைகளாக நாம் அச்சிடுவதில் எவ்வளவு ‘உம்’, எவ்வளவு கேள்வி என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

ஹெட்ஃபோனை நான் எறிந்துவிடப் போவதில்லை. பாதி நாள் அது அப்பாவிடம் இருக்கிறது. என்னிடம் இருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஒருவர் வாய் திறந்தால் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன். அதனால் நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல முடியாது. காதைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் இல்லை. அடுத்து வரும் உம் யாருக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.