பேர்

எங்கள் பாடசாலையைக் கூட்டும் அம்மா மூன்று நாட்களாக வரவில்லை. வாசலில் சருகு சேர்ந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளிடம் விசாரித்தேன். லயத்திலிருந்து வரும் சிறுமியொருத்தி அவரது பெயரைச் சொல்லி, "அவங்களுக்குக் காய்ச்சல் சேர்" என்றாள். தினமும் இடாப்பில் பெயர் கூப்பிடும் எனக்கு அந்தப் பெயர் அன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 'பேர்' என்பதற்கு இன்னொரு பொருளுண்டு. ஒரு நாள் வேலை ஒரு பேர். குறித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர். அங்கே மனிதரை எவரும் கவனிப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. தராசு வைத்துக் கவனிக்கிறார்கள். எதற்காகக் கவனிக்கிறோம் என்பதே கேள்வி. நானும் அந்த அம்மாவைச் சருகை வைத்துத்தானே கவனித்தேன்?

2014 ஒக்டோபர் 29 காலை, எங்கள் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அங்கு மண்சரிவு அபாயம் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்பதில்கூட நாளுக்கொரு கணக்குச் சொல்லப்பட்டது. கொழுந்தின் கணக்கு ஒருநாளும் இப்படித் தடுமாறியதில்லை. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை.

மதீனாவில் பள்ளிவாசலைக் கூட்டிவந்த கறுப்பினப் பெண்ணொருவர் மௌத்தானார். அதைச் சிறிய விடயமாகக் கருதிய தோழர்கள் பெருமானாரிடம் (ஸல்) அறிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். அவரைக் காணாது விசாரித்த பெருமானார், எனக்கேன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரடிக்கே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இச்செய்தியை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அத்தோழர்கள் கொடியவர்களல்லர், நம்மைப் போல, இதைப்போய்ச் சொல்வானேன் என்று நினைத்தவர்கள். பெருமானார் தேடியது கூட்டப்படாத தரையை அல்ல, காணாமற்போன மனிதரை.

கவனித்தால் மட்டும் கூலி உயருமா, லயம் வீடாகுமா என்று நண்பரொருவர் கேட்டார். உயராதுதான். ஆனால் உயிரோடிருக்கையில் கண்ணில் படாதவருக்காக எவரும் வாய் திறப்பதில்லை. மண் மூடிய பிறகு விடும் கண்ணீர் எவருக்கும் சுலபம்.

நான்காம் நாள் அந்த அம்மா வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னங்க சேர், ஏதும் தப்பு நடந்துபோச்சா?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே குற்றம் விசாரிக்கத்தான் என்று அவருக்குப் பழகியிருக்கிறது. பழக்கியவர்களில் நானும் ஒருவன்.